தனியாக நெல்லைக்கு வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தனியாக நெல்லைக்குக் கிளம்புகிற நண்பர்களும், அவர்கள் சொல்லி வருகிறவர்களும் ரயிலேறும் முன் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்து, தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். கட்டணமும் பஸ் நேரமும் அடிக்கடி மாறும் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

நெல்லையப்பர் கோயில், அல்வா, குற்றாலம். இதைத் தாண்டி அங்க பார்க்க என்னதான் இருக்கு?

நிறைய இருக்கிறது. ஆனால் வாசலில் பலகை வைத்து டிக்கெட் கொடுக்கிற மாதிரி இருக்காது. விடியற்காலையில் நயினார்குளம் பக்கத்துக் காய்கறிச் சந்தை, முற்பகலில் பத்தமடையின் பாய்த் தறி, செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் ஆட்டுச் சந்தை, சாயங்காலம் டவுன் ரத வீதிகள், நடுச்சாமத்தில் ஏதோ ஒரு கிராமத்துக் கோயில் கொடை, அதாவது ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கிற திருவிழா. எல்லாமே ஊர்க்காரர்கள் தங்கள் வேலையாகச் செய்வது. அந்த நேரத்துக்குப் போனால்தான் கண்ணில் படும். மதியம் இரண்டு மணிக்கு டவுனுக்குப் போனவர் கோயில் நடை சாத்தியிருப்பதையும், பாதிக் கடைகள் தூங்கி வழிவதையும் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று திரும்பிவிடுவார். அதனால் எந்த இடம் என்று கேட்பதோடு, எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள்.

குற்றாலம் நல்ல இடம்தான். ஆனால் அது நெல்லை நகரம் இல்லை. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது குற்றாலம் அந்தப் பக்கம் போய்விட்டது. இருக்கிற இரண்டு நாளில் ஒரு நாளை அருவிக்குக் கொடுத்தால் நகரத்துக்கு மிச்சம் குறைவு.

டவுன், ஜங்ஷன், பாளை, புது பஸ் ஸ்டாண்ட்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது நிஜமான திருநெல்வேலி?

எல்லாமும்தான். நடுவில் தாமிரபரணி ஓடுகிறது. மேற்குக் கரையில் திருநெல்வேலி, கிழக்குக் கரையில் பாளையங்கோட்டை. மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி இருப்பது டவுன். ரயில் நிலையமும் அதை ஒட்டிய கடைத்தெருவும் ஜங்ஷன். இரண்டுக்கும் நடுவே தண்டவாளத்தின் மேல் ஈரடுக்கு மேம்பாலம் நிற்கிறது. 1970-களில் கட்டியது. கனரக வண்டிகள் மேலே, சைக்கிளும் இரு சக்கர வண்டியும் கீழே. ஆற்றைத் தாண்டினால் கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை, முருகன்குறிச்சி, அதற்கப்புறம் பாளை.

வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் நிற்கும் புது பஸ் ஸ்டாண்ட் வேய்ந்தான்குளத்தில், ஆற்றுக்குக் கிழக்கே, ரயில் நிலையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. ரயிலில் இறங்கி "பக்கத்துல பஸ் ஸ்டாண்ட் எங்கே" என்று கேட்டால் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டைத்தான் காட்டுவார்கள். உங்களுக்கு எது வேண்டும் என்று பேர் சொல்லிக் கேளுங்கள்.

எத்தனை நாள் வேணும்? எந்த மாசம் வரலாம்?

குறைந்தது இரண்டு இரவு. சென்னை எழும்பூரில் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் வந்துவிடலாம். பகலில் வர விரும்பினால் 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது.

தை, மாசி இதமாக இருக்கும். பனங்கிழங்கும் சிறுகிழங்கும் சந்தைக்கு வரும் காலமும் அதுதான். ஆனியில் நெல்லையப்பர் தேர். அந்தச் சமயத்தில் மலைப்பக்கம் சாரல் பிடித்திருந்தால் நகரத்திலும் காற்று குளிர்ந்திருக்கும். புரட்டாசிக் கடைசியை ஒட்டிப் பாளை தசரா: பல அம்மன் கோயில்களின் சப்பரங்கள் இரவெல்லாம் தெருக்களில் வந்து ஒன்று சேரும். அதற்கு நான் எதையும் ஈடு சொல்ல மாட்டேன். சித்திரை, வைகாசி வெயில் நடக்க விடாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முற்பாதி மழைக்காலம். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் நகரமே தத்தளித்தது. அந்த மாதங்களில் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

தனி ஆளுக்கு எங்க ரூம் எடுத்தா நல்லது?

முதல் முறை என்றால் ஜங்ஷன். டவுனுக்கும் பாளைக்கும் நடுவில் இருக்கிறது, இரவு திரும்பி வர வண்டி கிடைக்கும், சாப்பாட்டுக் கடைகள் நேரம் கழித்தும் திறந்திருக்கும். சத்தம் உண்டு. சத்தம் பிடிக்காதவர்கள் வண்ணாரப்பேட்டை, பாளை பக்கம் பார்க்கலாம். காலையில் இறங்கி இரவே ரயிலேறுகிறவர்கள் ஸ்டேஷன் ஓய்வறையை முன்பதிவு செய்துகொண்டால் குளித்து, பையை வைத்துவிட்டுக் கிளம்பலாம்.

ஆட்டோவையே நம்பி இருக்கணுமா?

வேண்டாம். டவுனுக்கும் பாளைக்கும் ஜங்ஷன் வழியாக டவுன் பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்வந்தால் ஊரின் அமைப்பு பிடிபட்டுவிடும். நான் யாருக்கும் முதலில் சொல்கிற வேலை இதுதான்.

அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் இல்லை, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. ஆனால் இங்கே தனியார் டவுன் பஸ்களும் நிறைய. அவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஏறும்போது "அண்ணாச்சி, பாளை போகுமா?" என்று நடத்துனரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். இறங்க வேண்டிய இடத்தில் அவரே குரல் கொடுப்பார்.

முதல் நாள் காலைல எங்க ஆரம்பிக்கறது?

சீக்கிரம் எழுந்தால் நயினார்குளம் மொத்தச் சந்தை. லாரியிலிருந்து மூட்டை இறங்குவதும், வாழை இலைக்கட்டு பேரம் பேசுவதும் விடிந்து கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பக்கத்துக் குளத்தில் தண்ணீர் இருந்தால் பறவைகளும் இருக்கும். அப்படியே நடந்து டவுனுக்குள் போய் நெல்லையப்பர் கோயிலைப் பாருங்கள். சுற்றுலாத் தலம் என்று அதை ஒதுக்கத் தேவையில்லை. தட்டினால் சுரம் எழுப்புகிற கல்தூண்களும், நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபையும் இருக்கிற கோயில். காலை நேரத்தில் ஊர்க்காரர்கள்தான் அதிகம் இருப்பார்கள். சுவாமி சன்னதியிலிருந்து அம்மன் சன்னதிக்குப் போகும் நீண்ட சங்கிலி மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம் ஜங்ஷன் வந்து சுலோச்சன முதலியார் பாலத்தை நடந்து கடந்து விடுங்கள். முன்பு படகில்தான் ஆற்றைக் கடந்தார்கள். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம் இது. 1843-இல் திறந்தது. மனைவியின் நகைகளையும் சேர்த்துக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். பஸ்ஸில் போனால் ஒரு நிமிடம். நடந்தால்தான் கீழே துணி துவைக்கிறவர்களும், நாணலும், தண்ணீரின் நிறமும் தெரியும். அக்கரையில் கொக்கிரகுளம் ஆற்றோரத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. உள்ளூர் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க நன்றாக இருக்கும்.

பாளையங்கோட்டைல ஸ்கூலும் காலேஜும்தானே இருக்கு?

இருக்கின்றன, அவையே பார்க்கத் தகுந்தவை. தூய யோவான் கல்லூரி 1878-இலிருந்தும், தூய சவேரியார் கல்லூரி 1923-இலிருந்தும் நடக்கின்றன. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளி தொடங்கிய ஊர் இது. வளாகங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். தெருவிலிருந்து பார்த்தாலே அந்த மரங்களும் பழைய கட்டடங்களும் தெரியும்.

பாளையில் கோட்டை எங்கே என்று கேளுங்கள். பலருக்கே சட்டென்று சொல்ல வராது. இடித்தது போக மிஞ்சிய மேற்கு வாசல்தான் மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று பேர் வாங்கியது. 1801-இல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பியது இந்தப் பாளையங்கோட்டையிலிருந்துதான். கொஞ்சம் நடந்தால் கிளாரிந்தா என்ற பெண் 1785-இல் எழுப்பிய சின்ன தேவாலயம். ஊரில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். முருகன்குறிச்சியில் 1826-இல் கட்டிய ஊசிக்கோபுரம் என்கிற தேவாலயம். அரசு அருங்காட்சியகமும் பாளையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. நடக்கிற தூரத்துக்குள் இவ்வளவும் இருக்கிறது. வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் முடியும். அருங்காட்சியகத்தை மட்டும் மதியத்திலேயே பார்த்துவிடுங்கள்.

தனியா ஓட்டல்ல உட்கார்ந்து சாப்பிட கூச்சமா இருக்கு. என்ன சாப்பிடலாம்?

இங்கே தனியாகச் சாப்பிடுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலைக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுற்று வட்டாரத்திலிருந்து தினமும் தனியாக வருகிற கூட்டம் பெரிது. மதியம் மெஸ்ஸில் எதிரே யாராவது வந்து உட்காருவார். அது இயல்பு.

தேங்காய்ப்பாலில் செய்கிற சொதியை இஞ்சித் துவையலோடு ஒரு முறையாவது சாப்பிட வேண்டும். கல்யாணம் முடிந்த மறுவீட்டு விருந்துச் சாப்பாடு அது. எல்லா ஓட்டலிலும் கிடைக்காது. தங்கியிருக்கும் இடத்தில் விசாரித்து, எந்தக் கிழமை எங்கே போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ராத்திரிக்குப் பொரிச்ச பரோட்டா, சால்னா. கோடையில் சாலையோரம் பதநீரும் நுங்கும். மேலப்பாளையம் பக்கம் போனால் பிரியாணி.

உண்மையான இருட்டுக்கடை எது? எல்லாக் கடையும் ஒரிஜினல்னு போட்டிருக்கே.

டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில் இருக்கிறது. பெரிய பலகை எதிர்பார்க்காதீர்கள். சாயங்காலம்தான் திறப்பார்கள், வரிசை நிற்கும், தீர்ந்தால் மூடிவிடுவார்கள். வரிசையில் நிற்க மனமில்லை என்றால் வருத்தப்படாமல் பக்கத்தில் பழைய லாலா இனிப்புக் கடை எதிலாவது ஐம்பது கிராம் அல்வா வாங்கி, வாழை இலைத் துண்டில் சுடச்சுடச் சாப்பிடுங்கள். ஆறிப்போய் பெட்டியில் ஊருக்கு வருகிற அல்வாவைவிட அது மேல் என்பது என் எண்ணம்.

பத்தமடை பாய் நெய்யறத நேர்ல பார்க்க முடியுமா? போய்க் கதவைத் தட்டலாமா?

பார்க்கலாம். அம்பாசமுத்திரம் சாலையில் சேரன்மகாதேவிக்கு முன்னால் இருக்கிற ஊர். புது பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்பை, பாபநாசம் பஸ்கள் அந்த வழியாகப் போகும். ஆற்றங்கரைக் கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். பட்டு மாதிரி மெல்லிசாக இருப்பதால் பட்டுப்பாய் என்று சொல்கிற நல்ல கோரைப்பாயைத் துணி மாதிரி மடிக்கலாம். அப்படி ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

தறி இருப்பது வீடுகளுக்குள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். அதனால் நேராகக் கதவைத் தட்ட வேண்டாம். பாய் விற்கும் கடையில் விசாரியுங்கள், அல்லது கூட்டுறவுச் சங்கம் எங்கே என்று கேளுங்கள். அவர்களே அழைத்துப் போவார்கள். தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை மதியத்தையும் தவிருங்கள். ஒருவர் தறியில் அரை மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்டுவிட்டு வெறுங்கையோடு எழுந்து வருவது சரியில்லை. சின்னத் தடுக்காவது வாங்குங்கள். விலை அதிகம் என்று தோன்றினால் அந்த வாரக்கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்கு வெளிய ஒரே ஒரு நாள்னா எந்தப் பக்கம்?

மேற்கா கிழக்கா என்பது உங்கள் விருப்பம். மேற்கே என்றால் செங்கோட்டை பாசஞ்சர் ரயில் ஏறுங்கள். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக மலை நெருங்கி வரும். காருகுறிச்சியில் மண்பாண்டம். நாதஸ்வர மேதை அருணாசலத்தின் ஊரும் அதுதான். வீரவநல்லூரில் தறி, கல்லிடையில் அப்பளம். ஒரு நாளைக்கு இரண்டு ஊருக்கு மேல் இறங்காதீர்கள். அடுத்த ரயில் எப்போது என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள், தவறினால் பஸ் உண்டு. வீரவநல்லூரிலிருந்து திருப்புடைமருதூர் பக்கம்: கோபுரத்துக்குள் மாடி மாடியாகப் பழைய ஓவியங்கள் இருக்கிற கோயில், ஆற்றோர மருத மரங்களில் பறவைகள். கோபுரம் பூட்டியிருக்கலாம். கோயிலில் பொறுமையாகக் கேளுங்கள்.

கிழக்கே என்றால் திருச்செந்தூர் சாலை. கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் நாயக்கர் காலச் சிற்பங்கள். விரல் நகமும் நரம்பும்கூடத் தெரியும். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். அங்கிருந்து ஆதிச்சநல்லூர். இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு; 1899-லிருந்து சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாந்தர் ரீ தோண்டியது. குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டு, இருந்த இடத்திலேயே தாழிகளைப் பார்க்கிற மாதிரி 2023-இல் அமைத்திருக்கிறார்கள். நிழல் குறைவு, தண்ணீர் எடுத்துப் போங்கள்.

தை முதல் பங்குனி வரை வருகிறவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம். வலசை வரும் பறவைகள் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டும். ஊரே அவற்றைப் பிள்ளைகள் போலப் பார்த்துக்கொள்கிறது. அங்கே சத்தம் போடாமல் நடப்பது ஒன்றுதான் நீங்கள் செய்ய வேண்டியது.

நான் பொண்ணு. தனியா இதெல்லாம் சுத்த முடியுமா?

பகலில் மேலே சொன்ன எல்லா இடத்துக்கும் போகலாம். பல பெண்கள் போய் வருகிறார்கள். பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் அக்காவே பாதி வழி சொல்லிவிடுவார். இரவு ஒன்பதுக்கு மேல் டவுன் ரத வீதிகளிலும் ஜங்ஷனிலும் நடமாட்டம் இருக்கும். ஆற்றங்கரை, படித்துறை, பாலத்தின் கீழ்ப்பகுதி, புறநகர் நான்கு வழிச்சாலை ஆகியவற்றில் இருட்டிய பிறகு தனியாக நிற்காதீர்கள். ஆண்களுக்கும் இதையே சொல்வேன்.

அறை எடுக்கும் முன் போன் செய்து, தனியாக வரும் பெண்ணுக்கு அறை உண்டா என்று நேரடியாகவே கேளுங்கள். சில விடுதிகளில் தயங்குவார்கள். வாசலில் பையோடு நின்று தெரிந்துகொள்வதைவிட முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. 112 அவசர எண், 181 பெண்களுக்கான உதவி எண், ரயிலில் 139. கடைசிப் பஸ் எப்போது என்பதை ஒவ்வொரு கிராமத்திலும் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணியைப் பார்த்தா இறங்கிக் குளிக்கணும் போல இருக்கு. குளிக்கலாமா?

ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் குளிக்கிற நேரத்தில், அவர்கள் நிற்கிற ஆழத்தில் மட்டும். குறுக்குத்துறையில் காலை நேரம் சரி. ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கிவிடும், அதற்கு முன் உற்சவரை மேலக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் அதில் போயிருக்கிறார்கள். மலையில் மழை என்றாலோ அணை திறந்திருக்கிறது என்றாலோ இறங்கவே வேண்டாம். தனியாக வந்தவர் என்பதால் கரையில் உங்களைத் தேட ஆள் இல்லை என்பதை மறக்காதீர்கள். இறங்கும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

மாஞ்சோலைக்குத் தனியா போயிட்டு வரலாமா?

நினைத்தவுடன் கிளம்பிப் போக முடியாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்ட விடமாட்டார்கள். தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து, வேலை போய், இப்போது இறங்கி வந்துகொண்டிருக்கிற மலை அது. முதல் பயணத்தில் அதை விட்டுவிடலாம். மணிமுத்தாறு அணையோடு திரும்புங்கள்.

எந்த ஊரு, யாரைப் பார்க்க வந்திய, கல்யாணம் ஆயிட்டானு கேட்டுக்கிட்டே இருக்காங்க. சில பேரு "நீங்க என்ன ஆளுக"ன்னும் கேட்கிறாங்க. என்ன சொல்றது?

முதல் மூன்று கேள்விகளும் அக்கறையில் வருபவை. "சும்மா ஊர் பார்க்க வந்தேன்" என்று சொன்னால் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். "பாய் வாங்க வந்தேன்", "கோயில் ஓவியம் பார்க்க வந்தேன்" என்று ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். உடனே வழி சொல்ல நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள்.

நான்காவது கேள்வி சாதியைக் கேட்பது. இந்த மாவட்டத்தில் சாதிக் கொலைகள் நடந்திருக்கின்றன, இன்னும் நடக்கின்றன. அதை மறைத்து ஊரை அழகாகக் காட்ட எனக்கு மனமில்லை. நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. "அதெல்லாம் பார்க்கிறதில்ல அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். வற்புறுத்தினால் எழுந்துவிடுங்கள். கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்கு இங்கே சாதி அடையாளம் உண்டு. அழகாக இருக்கிறதே என்று வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். தலைவர் சிலைகள், கொடிக் கம்பங்கள் முன்னால் நின்று விளையாட்டாகப் போட்டோ எடுப்பதும் வேண்டாம்.

கோயில் கொடைக்கு அழைப்பில்லாம போகலாமா?

போகலாம். பங்குனியிலிருந்து ஆவணி வரை, சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் என்று ஏதாவது ஓர் ஊரில் கொடை நடந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் செவ்வாய், வெள்ளி. வழியில் டியூப் லைட் வளைவும் ஒலிபெருக்கியும் தெரிந்தால் டீக்கடையில் விசாரியுங்கள். மதியக் கொடை, சாமக் கொடை என்று இரண்டு வேளை. வில்லுப்பாட்டும், மகுடம் என்கிற தோல்கருவியை அடித்து ஆடுகிற கணியான் கூத்தும் சாமக் கொடையை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகும்.

போனதும் விழாக் கமிட்டிக்காரர் ஒருவரைப் பார்த்து, வெளியூர் என்று சொல்லி, பார்க்கலாமா என்று கேளுங்கள். கொடைச் செலவுக்கு வரி கட்டுவது அந்த ஊர்க் குடும்பங்களின் உரிமை. நீங்கள் கொடுப்பதை நன்கொடை என்று எழுதிக்கொள்வார்கள். சாமி ஆடுகிறவரின் பாதையில் நிற்காதீர்கள். கேமராவைக் கேட்காமல் எடுக்காதீர்கள், சாமியாடுகிறவர் முகத்துக்கு நேரே எப்போதும் வேண்டாம். கிடா வெட்டு பார்க்க முடியாதவர்கள் அந்த நேரத்துக்குத் தள்ளி நிற்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இரண்டு சமூகத்துக்குள் பிரச்சினை இருக்கிற ஊர் என்று டீக்கடையிலேயே ஜாடை தெரிந்தால் அந்த ஊரை விட்டுவிடுங்கள், அடுத்த வெள்ளிக்கு வேறு ஊர் இருக்கும்.

நடுச்சாமத்தில் திரும்ப பஸ் கிடையாது. ஆட்டோக்காரரிடம் போகும்போதே திரும்பும் நேரத்தையும் பேசி, அவர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வில்லுப்பாட்டு முடியும்வரை பெண்கள் உட்கார்ந்திருக்கும் பாய்ப் பக்கமோ திண்ணைப் பக்கமோ இடம் கேட்டு இருந்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ் பிடியுங்கள்.